ஆறு சாக்குச் சாதாளை

மண்ணுக்குள் போன வெங்காயம் என்னுடையது அல்ல. கோப்பாயில் நாங்கள் ஒதுங்கியிருந்த வீட்டுக்கார அக்காவின் குசினியில், அடுப்புக்கு நேர் மேலே, புகையேறிக் கறுத்துத் தொங்கிய விதை வெங்காயக் கட்டுகளில் பாதி அது. முந்தைய வருடம் அவர்களுடைய தோட்டக் கொட்டிலில் ஷெல் விழுந்து எரிந்தபோது மற்ற விதையெல்லாம் போய்விட்டது. குசினி வளையில் தொங்கியதுதான் மிச்சம். வெளியிலிருந்து விதை வர வழியில்லை. பாதை பூட்டு, லொறி இல்லை, பக்கத்து ஊரில் கேட்டால் அங்கேயும் இதே கதை. அதுவும் அழிந்தால் அக்காவின் நிலத்தில் இனி வெங்காயம் இல்லை. அதன் பாதியைத்தான் மண்வெட்டி பிடிக்கத் தெரியாத என் கையில் அவர் தந்தார்.

தந்ததற்குக் காரணம் என் முகராசி அல்ல. அவருடைய கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், விறகுக் கட்டோடு சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். தொண்ணூற்றிரண்டு, தை மாதம். மழை விட்டு, செம்பாட்டு மண் பதமாகக் கிடந்த நேரம். கட்டுகளில் பச்சை முளை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அக்கா தனியாக எவ்வளவு நடுவார்?

"தொங்கித் தொங்கி முளைச்சு வீணாப் போறதுக்கு, உம்மட்டைக் குடுத்து வீணாப் போனால் என்ன, தம்பி," என்றார். "பின் வளவிலை அரைப் பரப்புத் துண்டு சும்மா கிடக்கு. நடும். கிளப்பினவுடனை விதைக்கு வேண்டியதை முதல் எடுத்து வைப்பம். மிஞ்சினால் உங்களுக்கு."

"எனக்கு உதொண்டும் தெரியாதக்கா."

"தெரியாதெண்டு தெரியும். அதுதான் தலைகீழா நட்டுப் போடாதையும் எண்டு இப்பவே சொல்லுறன்."

நான் குருநகரில் பிறந்தவன். அப்பு, பெரியப்பு, மாமன்மார் எல்லோரும் கடல். நான் மட்டும் இரண்டு எழுத்துப் படித்து ஐஸ் தொழிற்சாலையில் கிளாக்கராகப் போனேன். கரண்ட் போனது. ஐஸ் போனது. பிறகு கரையோரம் முழுவதும் குண்டு விழுந்து வீடும் போனது. நானும் மனைவியும் இரண்டு சைக்கிளில் கொள்ளக்கூடியதை ஏற்றிக்கொண்டு கோப்பாய்க்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருடமும் நான் இருந்த இடத்தில் இருந்ததில்லை. சும்மா நிற்கத் தெரியாத கால் எனக்கு. காலையில் சந்திக்குப் போவேன், செய்தி கேட்க. மத்தியானம் இன்னொரு தரம் போவேன். பின்னேரம் நல்லூர் வரைக்கும் மிதித்துவிட்டு வருவேன். செய்தி ஒன்றும் இருக்காது. வானத்தில் எது இரைந்தாலும் விரல்கள் தாமாக ஆடத் தொடங்கும், அவற்றைக் கமக்கட்டுக்குள் வைத்து அமர்த்திக்கொள்வேன். மனைவி அதைக் கண்டும் காணாதவள் போல இருந்தாள்.

பாத்தி பிடிக்கும்போது கயிறு கட்டி நேர்கோடு எடுத்தேன். எனக்குத் தெரிந்த முடிச்சு அப்பு வலைக்குப் போடும் முடிச்சுத்தான்.

"இஞ்சாருங்கோ, உங்கை என்ன சூடை மீன் பிடிக்கப் போறியளோ?" என்றாள் மனைவி.

சிரிக்காதே என்று சொல்ல வாயெடுத்து நானே சிரித்துவிட்டேன். அந்த வளவில் நான் சிரித்தது அதுதான் முதல் தரம் என்று அவள் பிறகு சொன்னாள்.

குந்தியிருக்கப் பழகினேன். அதுதான் முதற் பாடம். கிளாக்கருக்குக் கதிரை பழக்கம், வள்ளத்தில் போனால் நின்ற நிலை. குந்தியிருந்து ஒவ்வொரு வெங்காயப் பூண்டாக, வேர்ப் பக்கம் கீழே, தோள் மண்ணுக்கு வெளியே தெரிய, நாலு விரல் இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். இரண்டு நாள் முழங்கால் கழன்றுபோகும் போல இருந்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் நான் சந்திக்குப் போகவில்லை. ஆறாம் நாள் விடிய எழும்பிப் பார்க்கிறேன், சிவப்பு மண் முழுக்கப் பச்சை ஊசி. மண் தானாக ரோமம் சிலிர்த்தது போல. கையை நீட்டித் தொட்டேன். அந்த விரல் ஆடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றது தெரியாது.

"ஆறிப்போச்சு," என்றாள். "நாலு தரம் கூப்பிட்டனான்."

கிணறு நாலு வீட்டுக்குப் பொது. நாளுக்கு ஒரு வீட்டு முறை. நாலாம் நாள் எங்கள் வீட்டு முறை வரும். இறைக்கும் மெஷினுக்கு மண்ணெண்ணெய் இல்லாதபடியால் பழைய பனந்துலா ஏற்றத்தைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். அக்காவின் தமையன் வந்து துலா மிதிப்பார், அக்கா தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையை இழுத்து ஊற்றுவார், நான் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணி திருப்புவேன். கிழமைகளின் பெயர் எனக்கு மறந்து போயிற்று. இறைக்கிற நாள், அதற்கு அடுத்த நாள், இன்னும் இரண்டு நாள் இருக்கிற நாள் என்றே நாட்கள் நடந்தன. அப்படி நடந்த நாட்களில் இராத்திரி நித்திரை வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் கிணற்றில் நானோ மனைவியோ தண்ணீர் அள்ளுவதில்லை. யாரும் அள்ளாதே என்று சொல்லவில்லை. நாங்கள் வந்த முதல் நாளே கிணற்றுக் கட்டுக்கு வெளியே ஒரு வாளி எங்களுக்கென்று வைக்கப்பட்டிருந்தது. அதை அண்ணை நிரப்பி விடுவார். கை முறிந்த பிறகு அக்கா நிரப்பினார். வாளி நிரம்பியே இருக்கும், ஒரு நாளும் குறைவில்லை. அதனாலேயே அதைப் பற்றி ஒன்றும் கதைக்க முடியாமல் இருந்தது.

வெங்காயம் மூன்று வாரப் பயிரானபோது அக்காவின் பாத்தி கரும்பச்சை, என்னுடையது வெளிறிய பச்சை. அக்கா தன் துண்டுக்கு மாட்டெரு போட்டிருந்தார். எனக்கு எரு மிச்சம் இருக்கவில்லை. யூரியா என்பது தடைப் பட்டியலில் இருந்த சாமான், அந்தப் பெயரை உரத்துச் சொல்லவே ஆட்கள் யோசித்த காலம். நான் ஒவ்வொரு நாளும் இரண்டு பச்சைக்கும் நடுவில் நின்று பார்ப்பேன். அவருடைய விதை, என்னுடைய வெளிறல்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டு ஓடு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கக் குருநகருக்குப் போய், திரும்புகிற வழியில் பாசையூர்க் கரையில் சைக்கிளை நிறுத்தினேன். கரை முழுவதும் சாதாளைக் கடற்புல். கடல் தின்று துப்பியது போல, நாடா நாடாவாக, முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது. சின்ன வயதில் தீவுகளிலிருந்து தீவார் வந்து அதை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்குப் பசளை என்பார்கள். புகையிலைக்கும் தென்னைக்கும் அதைவிட எரு இல்லையாம். இது ஏன் இவ்வளவு நாளும் என் மண்டையில் ஏறவில்லை!

எனக்கு என்ன பெருமை தெரியுமா? தோட்டக்காரர் எவருக்கும் தோன்றாதது கடற்கரையானுக்குத் தோன்றிவிட்டது. எங்களுடைய கடலிலிருந்து அவர்களுடைய மண்ணுக்கு. மூன்று பயணம், ஆறு சாக்கு. நனைந்த சாதாளை பிணம் போலக் கனக்கும். கரியரில் கட்டி, மத்தியான வெயிலில், மரநிழல் உள்ள ஒழுங்கையாகப் பார்த்து மிதித்தேன். அக்கா கேட்டதற்கு "சும்மா ஒரு அலுவல்" என்றேன். களை பிடுங்குகிற சாட்டில் நானும் மனைவியும் வரிசைகளுக்கு நடுவே அதைப் பரப்பி, மண் அணைத்து மூடினோம். மூடி முடித்தபோது பாத்திகள் நிமிர்ந்து அழகாக இருந்தன. அக்கா பார்த்துவிட்டு, "பரவாயில்லை, மண் அணைக்கப் பழகீட்டீர்," என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கரும்பச்சை ஏறின பிறகு சொல்வோம் என்று இருந்தேன்.

அடுத்த நாள் எங்கள் முறை. நன்றாகத் தண்ணீர் கட்டினேன்.

மறுநாள் வெங்காயத் தாள் நுனிகள் சோர்ந்தன. வெயில் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில் நுனிகள் வெள்ளை. நெருப்பில் காட்டி எடுத்தது போல. பக்கத்தில் அக்காவின் பாத்தி அசைந்து கொண்டு நிற்கிறது, என்னுடையது குனிந்து கொண்டு நிற்கிறது. குந்தி, மண்ணைக் கிளறி, ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். என் நாக்குக்குத் தெரியாத ருசியா அது! வள்ளத்தில் காற்றடித்தால் உதட்டில் படிகிற ருசி.

அப்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது. தீவார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கொண்டு போய் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தேனா? கரையில் நின்றவனுக்கு வண்டி திரும்புகிற முடக்கு வரைக்கும்தான் தெரியும். அவர்கள் அதைக் குவித்து, ஒரு மாரி முழுவதும் மழையில் போட்டு, உப்புக் கழுவப்பட்டு உக்கின பிறகுதான் மண்ணில் தாட்டிருப்பார்கள். நான் மழை விட்ட மாசியில், கடலை ஈரம் காயாமல் அள்ளிவந்து இன்னொருத்தியின் விதைக்கு நடுவே புதைத்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆருக்குத் தெரியும் நாங்கள் தாட்டது?" என்றாள் பிறகு, என்னைப் பாராமல்.

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப கொஞ்சம் பொறுங்கோ. தானாத் தெளிஞ்சாலும் தெளியும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்த வீட்டையும் விட்டால் எங்கே போவது என்பதுதான் அந்த "பொறுங்கோ"வுக்குள் இருந்தது. நானும் பொறுத்தேன். ஒரு பகல், ஓர் இரவு. விரல்கள் திரும்ப ஆடத் தொடங்கின.

அடுத்த நாள் காலை, பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், புகையிலைக்காரர், கிணற்றில் நாலு பங்கில் ஒரு பங்கு அவருடையது. என்னை ஒரு நாளும் நேரே கூப்பிட்டதில்லை. அக்காவிடம் கதைக்கும்போது "உங்கடை ஐஸ் கிளாக்கர்" என்பார்.

"தங்கச்சி, உங்கை ஓடி வா," என்று கத்தினார். "உங்கடை ஐஸ் கிளாக்கற்றை வெங்காயத்துக்கு நோய் விழுந்திட்டுது."

அக்கா ஓடிவந்தார். பின்னால் அண்ணை, கழுத்தில் தொங்கிய கையோடு. அக்கா ஒரு தாளை நுள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் இறுகிப் போயிற்று.

"எப்ப தொடக்கம்?"

"முந்தநாள்," என்றேன்.

"நோயேதான்," என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். "நிண்டு யோசிக்க நேரமில்லை. உதை முழுக்கப் பிடுங்கி எரி. உன்ரை பக்கத்திலையும் ஒட்டின ரெண்டு மூண்டு பாத்தியைப் பிடுங்கு. தொத்திச்சுதெண்டால் விதைக்கு ஒரு பூண்டு மிஞ்சாது."

அக்கா சேலையை இடுப்பில் சொருகினார். என் பாத்தியில் அல்ல, தன்னுடைய பாத்தியில் குனிந்தார். கரும்பச்சையாய், ஒரு குறையும் இல்லாமல் நின்ற முதல் வரிசையில் கை வைத்தார். அவருடைய கை தயங்கியது. அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன். 

"அக்கா, பிடுங்காதையுங்கோ."

"ஏன்?"

"நோயில்லை."

"பின்னை?"

"உப்பு."

அவருக்கு விளங்கவில்லை. நான் குனிந்து என் பாத்தியைக் கையால் கிளறி, கறுத்த நாடாக் கொத்து ஒன்றை இழுத்து எடுத்து நீட்டினேன். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தார். அக்கா வந்து என் பாத்தி மண்ணில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"எத்தினை சாக்கு?"

"ஆறு."

"ஆறு!" அக்கா அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியளே? கடல்லை தண்ணி குறைஞ்சு கிடக்கெண்டு ஆரும் சொன்னால், உங்கை பின் வளவுக்கை கிடக்கெண்டு சொல்லுங்கோ."

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது, அக்காவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. ஏசியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். அவர் ஏசவில்லை. குந்தியிருந்து, என் பாத்தியில் ஒரு பூண்டைச் சுற்றி மண்ணை விலக்கி, அடியைத் தடவிப் பார்த்தார்.

"வேர் இன்னும் வெள்ளையாக் கிடக்கு. சாகேல்லை. சாதாளையை முழுக்க இழுத்து எடுத்துப் போட்டு, தண்ணி விட்டுக் கழுவ வேணும். இண்டைக்கே. நாளைக்கெண்டால் சரிவராது."

"இண்டைக்கு ஆற்றை முறை?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

எல்லோரும் வேலிப்பக்கம் பார்த்தோம்.

"நல்ல கதை," என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். "என்ரை புகையிலை வாடிக்கொண்டு நிக்குது. உவருக்கு விசர் பிடிச்சால் அதுக்கு நான் தண்ணியைக் குடுக்கிறதோ?"

"உவருக்கில்லை அண்ணை," என்றார் அக்கா. "உது என்ரை விதை. போன வருசம் நீங்களும் என்னட்டைத்தான் வாங்கி நட்டனீங்கள். வாற வருசம் ஆரிட்டைக் கேக்கப் போறியள்?"

அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு முழு நாள் தண்ணீர் என்பது சின்னக் கொடை அல்ல. அடுத்த முறை வர நாலு நாள் ஆகும்.

"தண்ணி கிடக்கட்டும். துலா மிதிக்க ஆர்? உன்ரை தமையன் கரவெட்டிக்குப் போயிட்டார். உன்ரை மனுசன் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறார்."

"கையை அவிழ்த்துவிட்டால் நான் ஏறுவன்," என்றார் அண்ணை.

"நான் ஏறுறன்," என்றேன்.

 கட்டுக்கு வெளியே இருந்த எங்கள் வாளியை நான் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் அதைப் பார்ப்பது போல எனக்கு இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் என் காலைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"வள்ளத்து அணியத்திலை நிண்ட கால்," என்றார் அக்கா. "விழாது. வெயில் ஏறுது. ஏறும் தம்பி."

ஏறினேன்.

துலா என்பது ஆடுகிற மரம். ஒரு பக்கம் கயிற்றில் பட்டை, மறு பக்கம் கட்டின கல், நடுவே நான். கிணற்றுப் பக்கம் நாலு அடி நடந்தால் பட்டை இறங்கும், பின்னுக்கு நாலு அடி நடந்தால் நிரம்பி ஏறும். பக்கத்தில் கைப்பிடிக்கு ஒரு மூங்கில். கீழே பக்கத்துத் தோட்டக்காரர் பட்டையை வாங்கி வாய்க்காலில் கவிழ்த்தார். அவர் தன்னுடைய தண்ணீரை எனக்கு ஊற்றினார் என்பதை விட, நான் இறைத்ததை அவர் வாங்கினார் என்பதுதான் அன்று என் நெஞ்சில் அடித்தது. அக்கா பாத்தியில் மடை திறந்து மூடினார். மனைவி முழங்காலில் நின்று சாதாளையை இழுத்து இழுத்து வெளியே எறிந்தாள். அண்ணை ஒரு கையால் அதை வேலியோரம் வாரிக் குவித்தார். முன்னுக்கு நாலு, பின்னுக்கு நாலு. என் கால் அந்த மரத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டது. நிற்கத் தெரியாத காலுக்கு நிற்கவே கூடாத ஒரு வேலை.

மத்தியானம் தாண்டியிருக்கும். கிணறு அரைக்கு இறங்கியிருந்தது. பட்டை நிரம்பி ஏறிக்கொண்டிருந்தபோது பலாலிப் பக்கத்திலிருந்து ஹெலிச் சத்தம் கேட்டது.

அக்காவும் மனைவியும் அண்ணையும் பங்கருக்கு ஓடினார்கள். "இறங்குங்கோ, இறங்குங்கோ," என்று மனைவி கத்துவது கேட்டது. நான் நிலத்திலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, நிழல் இல்லாத வெளியில், ஒரு நீள மரத்தின் மேல் நிற்கிறேன். குதித்துவிடலாம். குதித்தால்? நிரம்பின பட்டை கீழே போகும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் குனிந்து நிற்கிற மனிதர் அதோடு போவார்.

"குதிச்சுப் போடாதை!" என்றார் அவர், என்னை நிமிர்ந்து பார்த்து. அதுதான் அவர் என்னோடு நேரே கதைத்த முதல் கதை. "டேய், குதிச்சுப் போடாதை!"

"இல்லை, நிக்கிறன். நீங்கள் பட்டையை வாங்குங்கோ."

சத்தம் எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. தென்னோலைகள் ஒரு பக்கமாகப் படுத்தன. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டையை மட்டும் பார்த்தேன். மெதுவாகப் பின்னுக்கு ஓர் அடி. இன்னும் ஓர் அடி. பட்டை கட்டுக்கு வந்தது. அவர் வாங்கிக் கவிழ்க்காமல், அப்படியே கட்டின் மேல் இருத்தினார். அதற்குப் பிறகு ஓட நேரமில்லை. அவர் கட்டோடு ஒட்டிக் குந்தினார். நான் துலாவில் நெடுக்காகப் படுத்தேன், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. நீர்வேலிப் பக்கம் சுட்டது கேட்டது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். பிறகு சத்தம் தேய்ந்து தேய்ந்து கடல் பக்கம் போயிற்று.

மரத்தைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தேன். அவை ஆடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை ஒளிக்க எனக்குக் கை இருக்கவில்லை.

"உமக்கும் ஆடுதோ?" என்றார் கீழேயிருந்து. தன் கையை உயர்த்திக் காட்டினார். "எனக்கு எண்பத்தேழிலையிருந்து உப்பிடித்தான். சரி, எழும்பும். தண்ணி கிடக்கு."

பொழுது படுகிற வரைக்கும் இறைத்தோம். கிணறு கலங்கி, அடிமண் தெரிந்த பிறகுதான் நிறுத்தினோம். இறங்கியபோது கால் நிலத்தில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அவர் தன்னுடைய புகையிலைக்குள் நின்று, வாடின இலையொன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அடிவரிசையில் அவருக்குக் கொஞ்சம் கருகிப் போயிற்று. அதைப் பற்றி அவர் கதைத்ததில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தேன்.

எங்கள் முறையில் இன்னும் இரண்டு தரம் கழுவினோம். வாய்க்கால் ஓரத்து நாலு பாத்தி செத்துப்போயிற்று. மற்றவற்றில் வெள்ளை நுனி அப்படியே நிற்க, நடுக்குருத்து பச்சையாக வந்தது. ஒவ்வொரு காலையும் மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் அது மண்ணாக மட்டும் இருந்தது. மனைவியையும் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னேன்.

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் என்னென்னவோ தின்னத் தந்தியள்," என்றாள். "உதுவும் ஒண்டு." ஆனால் ருசி பார்த்தாள். தலையாட்டினாள்.

பங்குனிக் கடைசியில் மண்ணிலிருந்து கிளப்பினோம். பூண்டுகள் சின்னன். அக்கா ஒவ்வொரு கொத்தாக அமத்திப் பார்த்தார். திரண்டதை ஒரு பக்கம், மெலிந்ததை ஒரு பக்கம் போட்டார். விதைப் பக்கம் மெல்ல மெல்ல உயர்ந்தது, மிஞ்சின பக்கம் உயரவேயில்லை. முடிவில் விதைக்கு வேண்டியது இருந்தது. அதற்கு மேல் ஒரு பிடி.

"உமக்கு ஒண்டும் மிஞ்சேல்லை, தம்பி."

"விதை மிஞ்சினதே போதும்."

"இன்னும் மிஞ்சேல்லை. தண்ணி கூடிப்போன வெங்காயம் தொங்கேக்கை அழுகும். முளைச்சால்தான் விதை."

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை யார் நம்புவார்கள்? வைகாசி, ஆனி, ஆடி. ஒவ்வொரு காலையும் குசினி வாசலில் நின்று மோந்து பார்ப்பேன், அழுகல் மணம் வருகிறதா என்று. ஒன்றிரண்டு கொத்தில் வந்தது. அக்கா ஏறி அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு மற்றவற்றை விலக்கிக் கட்டினார். அந்த மாதங்களில் ஊரில் என்னென்னவோ நடந்தது. எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது அந்த மணம்தான். அதைத் தேடி மூக்கை நீட்டிக்கொண்டு, வராமல் இருக்கட்டும் என்று நின்றது. சந்திக்குப் போவது குறைந்து, நின்றே போயிற்று. என் பயம் முழுவதும் ஒரு குசினி வளைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாகிவிட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய பாக்கியம்.

அடுத்த தையில் கட்டுகளை இறக்கினார்கள். அக்கா மூன்றாகப் பிரித்தார். ஒரு பங்கு அவருக்கு, ஒரு பங்கு எனக்கு, மற்றது புகையிலைக்காரருக்கு. என் பங்கை ஒரே நாளில் நட்டு முடித்தேன். நட்ட பிறகு முதல் ஐந்து நாளும் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாளும் ஒன்றும் தெரியவில்லை.  மனைவியும் அக்காவும் என் பாத்திப் பக்கம் வரவில்லை. ஏழாம் நாள் விடியற்காலையில் புகையிலைக்காரர் வேலியில் நின்று கூப்பிட்டார்.

"கிளாக்கர், உம்மடை வெங்காயம் முளைச்சிட்டுதோ?"

நான் அப்போதுதான் குந்தியிருந்தேன். வெளிச்சம் போதாது. முகத்தை மண்ணோடு வைத்துப் பார்த்தேன். முதல் வரிசையில் ஒன்றுமில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு இடத்தில் மண் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஒரு பச்சைப் புள்ளி. அதற்கு அங்கால் இன்னொன்று. அதற்கும் அங்கால் வரிசையாக.

"ஓம் அண்ணை!"

"என்ரை ஒண்டும் தெரியேல்லை. ஆழமா நட்டிட்டனோ? ஒருக்கா வந்து பாருமன்."

எனக்கு என்ன தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து அவருடைய தோட்டத்துக்குப் போய், அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.